கையோடு கையாக ஒரு ஹீற்றர்

வேலை செய்யாத மனிதர்களைப் பற்றி எல்லோரும் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். அவர்களை விட்டுவிடுவோம். அவர்கள் பாட்டுக்கு எங்காவது ஒரு நிழலில் சாய்ந்து கிடப்பார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இங்கே நாம் பார்க்கப்போவது அதற்கு நேர் எதிரான இனம். காலை ஆறு மணிக்கே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் இன்னொரு கண்ணாடியுமாக, உதட்டில் நாலு திருகாணியைக் கவ்விக்கொண்டு, வீட்டில் நன்றாக இருக்கிற ஏதாவது ஒன்றைக் கழற்றிக்கொண்டிருக்கும் இனம். சோம்பல் என்றால் என்னவென்றே இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் தொடங்காத வேலை கிடையாது. முடித்த வேலையைத்தான் தேட வேண்டும்.

இந்த இனத்துக்குப் பெயர் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. நாளொன்றுக்குப் பத்துத் தரம் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். “கையோட கையா இதையும் செய்துபோட்டால்...” என்று தொடங்குவார்கள். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் ஒரு வாசரை வாங்கிப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். கையோடுகையாக்காரர் அப்படிப் போவாரா? குழாயைக் கழற்றினால் பின்னாலுள்ள பைப் துருப்பிடித்திருப்பது தெரியும். பைப்பை இழுத்தால் சுவர்ப் பூச்சு உதிரும். பூச்சைக் கொத்தினால் செங்கல் ஒன்று ஆடும். ஆடுகிற செங்கல்லை அப்படியே விட்டுவிட்டு ஒரு மனிதன் நிம்மதியாகச் சோறு தின்பதா? மூன்றாம் மாதம் அந்த வீட்டில் எல்லோரும் பக்கத்து வீட்டுக் கிணற்றில் குளித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒன்று, குழாய் இப்போது ஒழுகவில்லை. அது ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் பத்திரமாக இருக்கிறது.

இவர்களை அடையாளம் காண இன்னும் சில குறிப்புகள். இவர்கள் வாயில் ‘ஏலாது’ என்ற சொல் வரவே வராது. எதைக் கேட்டாலும் ‘ஓம்’. எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டால், “அஞ்சு நிமிச வேலை.” இந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்து அளக்கக் கூடாது, கலண்டரைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். இவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருக்காது. இவர்களுடைய மனைவிமாரின் முகத்தில் ஒரு தனி அமைதி இருக்கும். அது பொறுமை என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும்.

திருகோணமலையில் உள்துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கூரைகளுக்கு மேலால் தெரிகிற ஓர் ஒழுங்கையில், இந்த இனத்தின் குறையில்லாத மாதிரி ஒருவர் வசிக்கிறார். பெயர் பாக்கியரத்தினம். வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருடம் ஓர் அரச கந்தோரில் எழுதி, அடுக்கி, கட்டி, ஒப்பமிட்டு ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வீட்டில் அவரும், மனைவி சோபனாவும், 1953ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ-ஃபோர்ட்டியும். இந்த மூவரில் யார் முதல் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை, வீட்டுக்கு முன்னால் ஒரேயொரு கூரைதான் புதிதாகப் போட்டிருக்கிறது, அது யாருக்கு மேலே என்று நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. அது முதலில் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்காக வந்த கார். அங்கே விடியற்காலையில் கை விறைத்துப் போகும் என்பதால், அதற்குள் ஒரு ஹீற்றர் வைத்திருந்தார்கள். எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு குழாயால் உள்ளே வந்து, டாஷ்போர்டுக்குப் பின்னாலிருக்கும் குட்டி ரேடியேற்றர் ஒன்றுக்குள் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும். ஒரு சின்ன விசிறி அந்தச் சூட்டை இருப்பவரின் காலடிக்குத் தள்ளும். திருகோணமலைக்கு வந்து முப்பது வருடத்தில் அதை யாரும் ஒருநாளும் போட்டதில்லை. போடுவதற்கு என்ன அவசியம்? இந்த ஊரில் கார்க் கண்ணாடியைத் திறந்துவிட்டால் போதும், சூடு தானே வந்து மடியில் உட்காரும்.

ஆனாலும் யாராவது காரைப் பார்க்க வந்தால், பாக்கியரத்தினம் முதலில் காட்டுவது அந்தக் குமிழைத்தான். “ஹீற்றர் உள்ள ஏ-ஃபோர்ட்டி இந்த மாவட்டத்திலயே இது ஒண்டுதான்” என்பார். அதை இதுவரை யாரும் மறுத்ததில்லை. போட்டி போட ஆளில்லாத விஷயம் அது.

இப்போது சோபனாவிடம் வருவோம். சோபனா பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிற ரீச்சர். இருபத்தெட்டு வருடமாக நுவரெலியாவைப் படிப்பிக்கிறார். கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் அடி, சராசரி வெப்பநிலை இவ்வளவு, மழை இவ்வளவு, தேயிலை, உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ். கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் மத்திய மலைநாட்டை அப்படியே கீறிவிடுவார். ஆனால் போனதில்லை. கல்யாணம் முடித்த புதிதில் சண்டையால் பாதை பூட்டு. பிறகு பாதை திறந்தபோது பிள்ளைகள் சின்னன். பிள்ளைகள் வளர்ந்தபோது பள்ளிக்கூடச் சோதனைகள். பிள்ளைகள் பறந்துபோன பிறகு தடை சொல்ல ஒன்றுமில்லை, கார் மட்டும்தான்.

போன மாசியில் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, “ரீச்சர், நீங்கள் நுவரெலியாவுக்குப் போனனீங்களோ?” என்று கேட்டுவிட்டது. சோபனா திரும்பிக் கரும்பலகையை அழித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரும்பலகை. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து, கைப்பையைக் கதிரையில் வைப்பதற்கு முன்னமே கணவரிடம் சொல்லிவிட்டார்.

“இஞ்சேருங்கோ, வாற வருசம் நான் பென்சன். அதுக்கு முதல் ஒருக்கா நுவரெலியாவைப் பாக்க வேணும். இல்லாட்டி இவ்வளவு காலமும் பிள்ளையளுக்குப் பொய் சொன்ன மாதிரி இருக்கு.”

“ஓம்” என்றார் பாக்கியரத்தினம். உடனே சொன்னார், மனதார. “சித்திரை லீவுக்குப் போவம். காரில.”

“பஸ்ஸிலயும் போகலாம்தானே.”

“வீட்டில கார் வச்சிருந்துகொண்டு பஸ்ஸில போறதோ? சனம் என்ன சொல்லும்?”

சனம் ஒன்றும் சொல்லியிராது. கடந்த நாலு வருடமாக அவர் சந்தைக்கும் வங்கிக்கும் கோயிலுக்கும் பஸ்ஸிலேயே போய்வருவதைச் சனம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் இந்தமுறை கார் உண்மையாகவே ஓடுகிற நிலையில் இருந்தது. அது அபூர்வமான ஒரு மாதம். அவர் அதைக் கழுவி, மினுக்கி, எண்ணெய் மாற்றி, கோணேசர் கோயில் அடிவாரம் வரை ஓட்டிக்கொண்டு போய் வந்தார். வந்து இறங்கும்போது பக்கத்து இருக்கைக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தார். விரிப்பு ஈரமாக இருந்தது. விரலை மூக்கருகே வைத்து மணந்து பார்த்தார். பிறகு, எவ்வளவு அடக்கினாலும் அடங்காத ஒரு சந்தோஷம் அவர் முகத்தில் பரவியது.

ஹீற்றருக்குள் இருக்கிற குட்டி ரேடியேற்றர் ஒழுகத் தொடங்கியிருந்தது.

அது எங்கே இருக்கிறது தெரியுமா? முதலில் அதை ஒரு மேசையில் வைத்துவிட்டுப் பிறகு அதைச் சுற்றிக் காரைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அதை எடுக்க வேண்டுமானால் விசிறிப் பெட்டி கழற வேண்டும், விசிறிப் பெட்டி கழற வேண்டுமானால் டாஷ்போர்ட் வர வேண்டும், டாஷ்போர்ட் வர வேண்டுமானால் ஸ்டியரிங் இறங்க வேண்டும். பாக்கியரத்தினம் ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார். இந்த இனம் கழற்றுவதில் மின்னல். அடுத்த நாள் அந்தக் குட்டி ரேடியேற்றரைச் சந்தைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனார். பஸ்ஸில்தான்.

கிண்ணியாவில் சரீப் என்பவர் ரேடியேற்றர் பற்றவைக்கிறவர். உழவு மெஷின், லொறி, ஜெனரேற்றர் என்று சூடாகிற எதுவும் அவரிடம்தான் வரும். அவர் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சேர் இது? இவ்வளவு சின்னதா இரிக்கி.”

“ஹீற்றரின்ர ரேடியேற்றர்.”

“ஹீட்டரா?” சரீப் ஒருமுறை வெளியே வெயிலைப் பார்த்தார், ஒருமுறை பாக்கியரத்தினத்தைப் பார்த்தார். “இத நம்ம ஊர்ல ஆரும் போடுறாங்களா சேர்?”

“நாங்கள் நுவரெலியாவுக்குப் போறம். ரீச்சருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது.”

ரீச்சருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமா இல்லையா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ரீச்சருக்கே தெரியாது. அவர் பிறந்தது தம்பலகாமத்தில், வாழ்வது திருகோணமலையில். குளிரை அவர் அட்டவணையில்தான் பார்த்திருக்கிறார்.

“அப்ப நான் சொல்றதக் கேளுங்க” என்றார் சரீப். “உள்ள போற குழாயையும் வெளிய வாற குழாயையும் ஒண்டாச் சேத்து ரெண்டு கிளிப் போட்டு விடுங்க. அரை மணித்தியால வேல. தண்ணி ஒழுகாது, கார் ஓடும். ரீச்சருக்கு ஒரு நல்ல சுவெட்டர் வாங்கிக் குடுங்க.”

பாக்கியரத்தினத்துக்கு அது தன்னைப் பெற்றவரைப் பற்றித் தப்பாகப் பேசியதுபோல இருந்தது.

“சரீப், அந்தக் கார் வரேக்க எப்பிடி வந்ததோ, அப்பிடியே இருக்க வேணும்.”

“வரேக்க எப்படி வந்தமோ அப்படி நாமளே இல்லயே சேர்” என்றார் சரீப். என்றாலும் மனிதர் நல்லவர், தொழில் தெரிந்தவர். பழையதைப் பிரித்து, அதே அளவில் செம்பில் புதிதாக ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். நாலு நாள் தவணை கேட்டார். இரண்டு நாளில் முடித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். சரீப் இந்த இனத்தைச் சேர்ந்தவர் இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

சித்திரை லீவுக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. புதியதைக் கொண்டுவந்து, வைத்து, பூட்டி, கிளம்பியிருக்கலாம். ஆனால் டாஷ்போர்ட் கழன்று கிடக்கிறது. அதற்குப் பின்னால் எழுபது வருடமாக வெளிச்சம் படாத ஓர் உலகம் திறந்து கிடக்கிறது. அதில் ஒரு வயரின் உறை வெடித்திருக்கிறது. ஒரு கையோடுகையாக்காரனால் அதைக் கண்டும் காணாமல் போக முடியுமா? வயரை மாற்றினார். ஒன்றை மாற்றினால் மற்றவை வெட்கப்படும் என்று எல்லாவற்றையும் மாற்றினார். வயர்களை இழுத்தபோது தடுப்புத் தகட்டில் துரு தெரிந்தது, அதைச் சுரண்டினார், சுரண்டிய இடத்துக்குப் பச்சைப் பெயின்ற் அடித்தார், அந்தப் பச்சைக்கு முன்னால் மற்ற இடத்துப் பச்சை மங்கலாகத் தெரிந்தது, அதையும் அடித்தார், பெயின்ற் காயும்வரை சும்மா இருப்பானேன் என்று ஸ்பீடோ மீற்றரைப் பிரித்தார். ஸ்பீடோ மீற்றர் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. சோபனா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

சித்திரை வருடப் பிறப்பு அன்று காரின் டாஷ்போர்ட் அவர்களுடைய கட்டிலில், பாயும் விரித்து, படுத்திருந்தது. புது வருடத்துக்கு அதை எழுப்புவது சரியில்லை என்று இருவரும் ஹோலிலேயே படுத்தார்கள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. அதே பிள்ளை கையை உயர்த்துமோ என்ற பயத்தில் சோபனா மலைநாட்டைத் தாண்டி நேரே கரையோரச் சமவெளிக்குப் போய்விட்டார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பாக்கியரத்தினத்துக்கு நாம் அநியாயம் செய்தவர்களாவோம். அந்தக் காருக்குள் தலைகீழாகப் படுத்திருக்கும்போது அவர் மனதில் ஓடியது என்ன தெரியுமா? ரம்பொடையைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறுகிற அந்தப் பாதை. வெளியே பனிப்புகார். சோபனா சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு, காலை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருக்கிறார். இவர் அந்தக் குமிழை மெல்லத் திருகுகிறார். வெதுவெதுப்பான காற்று அவருடைய காலடியில் வந்து படிகிறது. சோபனா திரும்பி இவரைப் பார்க்கிறார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் மனிதர் இவ்வளவு பாடும் பட்டார். அதில் பொய் இல்லை. அவருக்கு மனைவி மேல் உயிர். என்ன, அந்த உயிரை வயரிங்கோடு சேர்த்துச் செலுத்தவேண்டும் என்று நினைத்தார்.

வைகாசி போனது, ஆனி போனது. தென்மேற்கிலிருந்து அனல் கொண்டுவரும் கச்சான் காற்று கிளம்பி, ஒழுங்கைப் புழுதியை எல்லாம் வாரி டாஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுவந்து கொட்டியது. அதைத் துடைக்க ஒரு கிழமை. சோபனா இப்போது ஒரு முழு மனிதரோடு குடும்பம் நடத்தவில்லை. காரின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களோடுதான் நடத்தினார். தேத்தண்ணியைக் கால்களுக்குப் பக்கத்தில் வைப்பார். செய்தியைக் கால்களிடம் சொல்வார்.

அடுத்த ஒழுங்கையில் சுஹைரா இருக்கிறார். அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், சோபனாவின் சிநேகிதி. அவருடைய தங்கைக்கு நுவரெலியாவில் வீடு, தங்கையின் கணவருக்கு அங்கே வேலை. ஓகஸ்ட் விடுமுறைக்குத் தான் போகப்போவதாகவும் கூட வரும்படியும் சுஹைரா கேட்டார். சோபனா கால்களிடம் வந்தார்.

“இஞ்சேருங்கோ.”

“ம்.”

“லீவுக்குச் சுஹைரா நுவரெலியாவுக்குப் போறாவாம். அவவின்ர தங்கச்சி வீட்டில நிக்கலாமாம். நானும் போயிட்டு வரட்டோ?”

அந்த நேரம் பாருங்கள், பாக்கியரத்தினம் மூன்று நாளாகப் பிடிகொடுக்காமல் இருந்த ஒரு நட்டை இப்போதுதான் கால் சுற்று அசைத்திருந்தார். அந்த நட்டைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்கு இருக்கவில்லை.

“ஓம்” என்றார். “அந்த அரை இஞ்சி ஸ்பனரை ஒருக்கா எடுத்துத் தாரும்.”

சோபனா எடுத்துக் கொடுத்தார். ஆனால் அவர் ரீச்சர். வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைகளின் ‘ஓம்’ எப்படிப்பட்டது என்று இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். அதனால் ஒரு கிழமை கழித்துத் தேதியைச் சொல்லி இன்னொரு தரம் கேட்டார். “ஓம், நல்லது” என்றன கால்கள். புறப்படுவதற்கு முதல்நாள் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லி மூன்றாம் தரம் கேட்டார். “ஓம், கவனம்” என்று பதில் வந்தது. அது அவருக்கா, கழன்று விழப்போகிற விசிறிக்கா என்பது யாருக்குத் தெரியும்.

“சுஹைரா, நான் வாறன்” என்று சோபனா தொலைபேசியில் சொன்னார்.

“சேர் என்ன சொன்னாரு டீச்சர்?”

“மூண்டு தரம் கேட்டனான், மூண்டு தரமும் ஓமாம்.”

வெள்ளிக்கிழமை வந்தது. அது பாக்கியரத்தினத்தின் வாழ்வில் ஒரு பொன்னாள். காலையில் டாஷ்போர்ட் கட்டிலை விட்டு எழுந்து தன் இடத்துக்குப் போனது. பத்து மணிக்கு ஸ்டியரிங் ஏறியது. மத்தியானம் குசினிக்குள் வந்து, மூடிவைத்திருந்த சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். கறி மூன்று நாளுக்குக் காணும்போல இருந்தது. ‘இவ்வளவு ஏன் காய்ச்சினவா?’ என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு எஞ்சின் உறுமியது. இனி ஹீற்றரைப் போட்டுப் பார்க்க வேண்டும். இதிலே ஒரு சிக்கல் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வெளியே முப்பத்தாறு பாகை. கச்சான் வேறு. உள்ளே வருகிற சூடு ஹீற்றர் சூடா, ஊர்ச் சூடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாக்கியரத்தினம் சும்மா ஆளில்லை. குசினிக்குப் போய் இரண்டு தட்டில் ஒரே அளவு மாஜரின் எடுத்துவந்தார். ஒன்றைக் காருக்குள் விசிறிக்கு முன்னால் வைத்தார், மற்றதை வெளியே மதில்மேல் நிழலில் வைத்தார். எது முதலில் உருகுகிறதென்று பார்க்கலாம். கார்க் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு குமிழைத் திருகினார். ஐந்து நிமிடத்தில் உள்ளே இருந்த மாஜரின் எண்ணெயாகிவிட்டது. வெளியே இருந்ததை எட்டிப் பார்த்தார். அதைக் காகம் கொண்டுபோயிருந்தது, பரிசோதனை செல்லாது.

கடைசியில் உள்ளங்கையை நேரே விசிறிக்கு முன்னால் பிடித்தார். சுட்டது. சாதாரணச் சூடில்லை, நல்ல, நேர்மையான, மலைநாட்டுத் துரைக்காகச் செய்த சூடு. தலையிலிருந்து கால்வரை வேர்வை ஓட, சட்டை முதுகோடு ஒட்ட, இரண்டு கண்ணாடியும் ஆவிப் புகார் பிடித்துப்போக, பாக்கியரத்தினம் அந்த அடைத்த காருக்குள் உட்கார்ந்து தனியே சிரித்தார். ஐந்து மாத வேலை. சரீப் வந்து பார்க்க வேண்டும்.

“சோபனா” என்று கூப்பிட்டுக்கொண்டு இறங்கினார். “இஞ்ச ஒருக்கா வாரும்.”

 ஹோலில் இல்லை, குசினியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. அறைக்குள் போனார். கட்டிலில் பல மாதத்துக்குப் பிறகு டாஷ்போர்டுக்கு விரித்த பாய் மட்டும் கிடந்தது.  கைத்தொலைபேசியை எடுத்தார்.

“எங்க நிக்கிறீர்?”

“நுவரெலியாவில” என்றார் சோபனா. பின்னால் காற்று இரைந்தது. “இப்பதான் வந்து இறங்கினம்.”

“நுவரெலியாவிலயோ? எனக்குச் சொல்லாமலோ?”

“மூண்டு தரம் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான். மூண்டு தரமும் ஓம் எண்டனீங்கள். முதல் தரம் ஸ்பனரும் எடுத்துத் தந்தனான்.”

 ஸ்பனர் பாக்கியரத்தினத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அரை இஞ்சி ஸ்பனர். அதற்கு முன்னால் சொன்னது எதுவும் ஞாபகம் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, துக்கமாக இருந்தது. அந்தப் பாதையும், அந்தப் பனிப்புகாரும், அந்தப் பார்வையும் அவர் இல்லாமலே நடந்து முடிந்துவிட்டன.

“குளிரோ?” என்று மெல்லக் கேட்டார்.

“நல்ல குளிர். கை விறைக்குது.” சோபனாவின் குரலில் அவர் கேட்டு வெகுநாளாகிய ஒரு துள்ளல் இருந்தது. “இஞ்சேருங்கோ, நான் கரும்பலகையில கீறினதெல்லாம் சரிதான். மலை அந்தந்த இடத்திலதான் நிக்குது.”

பாக்கியரத்தினம் யன்னலால் காரைப் பார்த்தார். “ஹீற்றர் வேலை செய்யுது” என்றார். 

 சோபனா சொன்னார்: “அப்ப வாங்கோவன். நாங்கள் திங்கள் மட்டும் நிப்பம். ஒண்டாத் திரும்பி வரலாம்.”

“இப்பவே வெளிக்கிடுறன்.”

இந்த இடத்தில் உங்களுக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்திருக்கும், எங்களுக்கும்தான். பத்து நிமிடத்தில் குளித்து, இரண்டு சட்டையை மடித்து, கதவைப் பூட்டி, காருக்குள் ஏறிவிட்டார். இவ்வளவு வேகமாக அவர் எதையும் கழற்றாமல் செய்தது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தரம். படலையைத் திறந்தார். கார் அன்னம்போல ஒழுங்கைக்கு இறங்கியது. தம்பலகாமம், ஹபரணை, தம்புள்ளை, கண்டி. இருட்டுப்பட்டால் கண்டியில் நின்று காலையில் ஏறலாம். எல்லாம் சரி. நுவரெலியாவில் மழை பெய்யுமே என்ற எண்ணத்தில், சும்மா ஒருமுறை வைப்பரைப் போட்டுப் பார்த்தார்.

இடப்பக்கத்து வைப்பர் கொஞ்சம் தயங்கியது. கொஞ்சம்தான். போய், ஒரு மூச்சு விட்டுத் திரும்பியது.

பாக்கியரத்தினம் காரை நிறுத்தினார். அது சோபனா இருக்கப்போகிற பக்கம். திரும்பி வரும்போது மழையில் மலையைப் பார்க்கிறவர், நன்றாகப் பார்க்க வேண்டாமா? அஞ்சு நிமிச வேலை. காரைப் பின்னுக்கு எடுத்தார். படலையைச் சாத்தினார்.

திங்கட்கிழமை பின்னேரம் சோபனா ஒரு பையில் கரட்டும் மற்றப் பையில் லீக்ஸுமாக வந்து இறங்கினார். முகம் குளிரில் கொஞ்சம் கறுத்து, நன்றாக இருந்தது. காரின் முன்கண்ணாடி முழுதாகக் கழன்று ஹோல் சுவரில் சாய்ந்து நின்றது. வைப்பர் மோட்டர் சாப்பாட்டு மேசையில் இருந்தது. பாக்கியரத்தினம் கையில் ஒரு துணியோடு, ஏச்சு வாங்கத் தயாரான முகத்தோடு நின்றார். ஏச்சு கிடைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றுகூட நினைத்தார்.

சோபனா ஏசவில்லை. கண்ணாடியைப் பார்த்தார். மோட்டரைப் பார்த்தார். கல்யாணமான காலம் முதல் ஒருநாளும் கேட்காத ஒரு கேள்வியை, உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“இது முடிய எவ்வளவு நாள் செல்லும்?”

பாக்கியரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கார் விஷயத்தில் இப்படி ஒரு அக்கறையா? “ஒரு கிழமை” என்றார். பிறகு, பொய் சொல்லக் கூடாது என்று, “கையோட கையா கண்ணாடி ரப்பரையும் மாத்தினால் ரெண்டு கிழமை” என்றார்.

“வடிவா மாத்துங்கோ” என்றார் சோபனா. லீக்ஸைக் குசினியில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். “சுஹைரா, லீவு முடிய முதல் இன்னும் ரெண்டு கிழமை இருக்கு. அதுக்குள்ள பண்டாரவளை மலைப்பக்கமும் போயிட்டு வரக் காணும்.”

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்களிடம் பழைய கார் இல்லை, ஸ்பனர் பிடிக்கத் தெரியாது என்ற தைரியம். இந்த இனத்துக்குக் கார் கட்டாயமில்லை. மேல்வீடு கட்டி முடியட்டும், பிறகு ஆட்களை விருந்துக்குக் கூப்பிடுவோம் என்று பதினைந்து வருடமாகச் சொல்கிறவர் பாக்கியரத்தினத்தின் ஒன்றுவிட்ட தம்பி. இந்த வேலைப்பளு குறையட்டும், பிறகு ஊருக்கு வருகிறேன் என்று தாய்க்குச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவருடைய மைத்துனர். நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, சரி, ஒத்துக்கொள்கிறோம். ஒரேயொரு சின்னச் சந்தேகம். நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் எங்கோ, வீட்டுக்குள்ளிருந்து யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நீங்களும் தலையை நிமிர்த்தாமல் “ஓம்” என்று சொன்னீர்கள்.

என்ன கேட்டார்கள்?